வீட்டு மொழியை மீளக் கற்றல்

கொரிய மொழி என்றதும் நம் நாட்டு இளைஞர் பலருக்கு ஒரு பரீட்சையே நினைவுக்கு வரும். தென்கொரியா 2004 ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்திய தொழில் அனுமதித் திட்டத்தின் வழியாக அங்கு வேலைக்குச் செல்ல விரும்புவோர் கொரிய மொழிப் பரீட்சையிற் சித்தியெய்துதல் வேண்டும். அதன் பொருட்டு நம் இளைஞர்கள் ஏடு தொடக்கிய பாலர் போல அமர்ந்து அம்மொழியை முதலெழுத்திலிருந்து கற்கின்றனர். கற்ற ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்கு இலாபமே. நேற்றுப் பத்துச் சொல் தெரிந்தது, இன்று இருபது தெரிகிறது என்று தங்கள் முன்னேற்றத்தை அவர்கள் விரல் மடித்து எண்ணலாம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அதே மொழியைக் கற்கும் வேறொரு வகை மாணவரைப் பற்றி. அவர் கொரியப் பெற்றோருக்கு வேற்று நாட்டிற் பிறந்தவர். தாயின் தாலாட்டைக் கொரிய மொழியிற் கேட்டவர். ஆனாற் பாடசாலைக்குச் சென்ற நாள் முதல் ஆங்கிலத்திலோ உருசிய மொழியிலோ யப்பானிய மொழியிலோ படித்து, எண்ணி, நண்பரோடு பேசி வளர்ந்தவர். பின்னர் இருபது முப்பது வயதில், தம் வீட்டு மொழியை முறையாகக் கற்க வேண்டும் என்னும் ஆவலோடு வகுப்புக்கு வருகிறார். இத்தகையோரை மரபுமொழியினர் என்று அழைக்கலாம். இவருடைய முன்னேற்றத்தை எவ்வாறு அளப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள். அளவுகோல் பிழைத்தால் மாணவர் மனம் முறியும் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிவர். மரபுமொழியினர் பலர் இடைவழியிற் சோர்ந்து விலகுவதற்கு மொழியின் கடுமையைவிட அளவுகோலின் பிழையே பெருங்காரணம் என்பது என் கருத்து.

கொரியர் பல நாடுகளிற் பரந்த வரலாற்றைச் சுருங்கக் கூறி மேலே செல்வோம். 1903 ஆம் ஆண்டு சனவரி 13 ஆம் நாள் ஏறத்தாழ நூறு கொரியர் ஹவாயிலுள்ள ஹொனலூலுத் துறைமுகத்தில் இறங்கினர். 1905 ஆம் ஆண்டளவில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அத்தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்துவிட்டனர். 1910 முதல் 1945 வரை யப்பான் கொரியாவை ஆண்டது. அக்காலத்திற் பிழைப்புத் தேடியும் கட்டாயத்தின் பேரிலும் யப்பானுக்குச் சென்றோருள் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் போர் முடிந்த பின்னரும் அங்கேயே தங்கினர். சோவியத்து நாட்டின் கீழ்த்திசை எல்லையில் வாழ்ந்த கொரியர் 1,70,000 பேருக்கு மேற்பட்டோரை 1937 இல் ஸ்டாலினின் அரசு புகைவண்டிகளில் ஏற்றிக் கசாக்கிஸ்தானிலும் உஸ்பெக்கிஸ்தானிலும் கொண்டுபோய் இறக்கியது. மறு ஆண்டிலேயே அவர்களுடைய கொரிய மொழிப் பாடசாலைகள் உருசிய மொழிப் பாடசாலைகளாக மாற்றப்பட்டன. ஐக்கிய அமெரிக்கா 1965 இற் குடிவரவுச் சட்டத்தைத் திருத்திய பின்னர்ப் பெருந்தொகையான கொரியக் குடும்பங்கள் அங்குக் குடியேறின. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் கொரியப் பேட்டை ஒன்று வளர்ந்தோங்கியது.

இவ்வரலாறுகள் வெவ்வேறானவை. விரும்பிச் சென்றவரும் உண்டு, விரட்டப்பட்டவரும் உண்டு. ஆயினும் மொழிக்கு நேர்ந்தது பெரும்பாலும் ஒன்றே. அது வீட்டுக்குள் ஒதுங்கியது. அடுக்களையும் உணவு மேசையும் பாட்டியின் படுக்கையும் கொரிய மொழிக்கு எஞ்சின. அலுவலகமும் நீதிமன்றமும் நூல்நிலையமும் வேற்று மொழிக்கு உரியனவாயின. இந்நிலையில் வளர்ந்த பிள்ளை வகுப்புக்கு வரும்போது எதைக் கொண்டுவருகிறது, எது அதனிடம் இல்லை என்று பார்ப்போம்.

முதலில் அதனிடம் இருப்பது செவி. கொரிய மொழியில் நம் தகரத்தை ஒத்த ஒலி மூன்று வகைப்படும். ஒன்று இயல்பாக ஒலிப்பது. ஒன்று மூச்சை உந்தி ஒலிப்பது. மற்றது தொண்டையை இறுக்கி ஒலிப்பது. 'தல்' என்னும் சொல்லை முதல் வகையில் ஒலித்தாற் சந்திரன். இரண்டாம் வகையில் ஒலித்தால் முகமூடி. மூன்றாம் வகையில் ஒலித்தால் மகள். நம் எழுத்தில் எழுதினால் மூன்றும் ஒன்றாகவே தோன்றும். புதிதாகக் கற்கும் பிறநாட்டார் இவ்வேறுபாட்டைப் பிடிப்பதற்கு மாதக்கணக்கில் இடர்ப்படுவர். மரபுமொழியினர் இதைக் கற்றதாகவே நினைவிராது. தொட்டிலிலேயே அது அவர் செவியில் ஏறிவிட்டது.

அவ்வாறு ஏறியது எளிதில் அழிவதில்லை என்பதற்கு ஓர் அரிய சான்று உண்டு. 1953 இற் கொரியப் போர் ஓய்ந்த பின்னர், பல பத்தாண்டுகளில், ஏறத்தாழ இரண்டு இலட்சம் கொரியக் குழந்தைகள் ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் தத்துக் கொடுக்கப்பட்டனர். மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையிற் பிரான்சுக்குச் சென்று வளர்ந்த சிலரை ஆராய்ந்து 2003 இல் வெளியிடப்பட்ட கட்டுரை, அவர்கள் கொரிய மொழியைப் பிற அந்நிய மொழிகளிலிருந்து பிரித்தறியவும் இயலாத அளவுக்கு மறந்துவிட்டனர் என்று கூறியது. கேட்டோர் நெஞ்சைத் துயருறுத்திய முடிபு அது. ஆனால் 2017 இல் ஒல்லாந்தில் வளர்ந்த தத்துப் பிள்ளைகளைக் கொண்டு நடத்திய மற்றோர் ஆய்வு வெளியாயிற்று. நான் மேலே கூறிய மூவகை ஒலிகளை அவர்களுக்குப் புதிதாகப் பயிற்றியபோது, கொரியத் தொடர்பே இல்லாத ஒல்லாந்தரைக் காட்டிலும் அவர்கள் விரைந்து கற்றனர். ஆறு மாதம் நிரம்புமுன்னரே நாட்டை விட்டுச் சென்றவரிடத்தும் அந்த வேகம் காணப்பட்டது. தாமாக நினைவுகூர இயலாத ஒன்று, நீர் வார்த்ததும் முளைத்தது. பேச்சு முழுவதையும் இழந்தவர் நிலை இதுவாயின், வீட்டில் நாள்தோறும் கேட்டு வளர்ந்தவரின் கைம்முதல் எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, வாக்கியத்தின் போக்கு. கொரிய மொழியும் தமிழைப் போலவே எழுவாயை முன்னும் வினைமுற்றை இறுதியிலும் வைப்பது. பெயரின் பின்னே உருபுகளை ஒட்டுவது. ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் 1905 இற் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே எழுதினார். இவ்விரண்டும் ஓரினத்தவை என்னும் கொள்கையை இன்றைய மொழியியலார் ஏற்பதில்லை. ஆயினும் அமைப்பின் ஒற்றுமை நமக்கு ஒரு வாய்ப்பு. ஆங்கிலம் பேசுவோன் தலைகீழாக எண்ண வேண்டிய இடத்தில் நாம் நேராகவே எண்ணிச் செல்லலாம். மரபுமொழியினரோ எண்ணவே வேண்டியதில்லை. உருபு தானாக நாவில் வரும். அதன் பெயர் என்ன என்று ஆசிரியர் கேட்டால் மட்டும் விழிப்பர்.

இனி, அவரிடம் இல்லாதன எவை? அவற்றுள் தலையாயது மரியாதை மொழி.

நம்மிடையே நீ, நீர், நீங்கள் என்னும் படிகள் உள்ளன. கொரிய மொழியில் இப்படிகள் வினைமுற்றின் ஈற்றிலே அமைகின்றன. மேலும் அம்மொழியில் மரியாதைக்கு இரண்டு முகங்கள் உண்டு. யாரிடம் பேசுகிறோம் என்பது ஒன்று; யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பது மற்றொன்று. தோழியிடம் பாட்டியைப் பற்றிப் பேசும்போது, பாட்டிக்குரிய உயர்வு வினையின் நடுவே நிற்க, ஈறு தோழமைக்குரியதாக முடியும். பாட்டியிடம் தோழியைப் பற்றிப் பேசும்போது, நடுவே உயர்வு இராது. ஈறு மட்டும் பணிவுடன் முடியும். சொற்களும் மாறும். சோற்றுக்கு 'பப்' என்பது பொதுச்சொல். பெரியோர் உண்ணும் உணவுக்கு 'ஜின்ஜி' என்பது சொல். நான் என்பதற்குச் சமமானவரிடத்து 'நா'; பெரியோரிடத்து 'ஜொ'.

வீட்டுப் பிள்ளைக்கு இது ஏன் கடினமாயிற்று? தாய் பிள்ளையிடம் பேசுவது 'பன்மல்' எனப்படும் தாழ்படியிலே. 'பப் மொகொஸ்ஸொ' என்று அவள் கேட்பாள். சாப்பிட்டாயா என்பது பொருள். பிள்ளை ஆயிரம் முறை கேட்டது அதையே. ஆகவே அதையே திருப்பிச் சொல்கிறது. அதை அப்படியே ஒரு முதியவரிடம் கேட்டால், நரைத்த தலையரை நோக்கி 'சாப்பிட்டியா' என்று கேட்டதற்கு அது நேராகும். அவரிடம் 'ஜின்ஜி ஜப்சுஷ்யொஸ்ஸொயோ' என்று கேட்பதே முறை. ஊரில் வளரும் பிள்ளை தாய் பாட்டியிடம் பேசுவதையும், கடைக்காரர் தாயிடம் பேசுவதையும், மாணவர் ஆசிரியரிடம் பேசுவதையும் நாள்தோறும் கேட்டு இப்படிகளைப் பழகும். வேற்று நாட்டிலோ வீடு ஒன்றே கொரிய உலகம். அவ்வுலகில் அந்தப் பிள்ளையே யாவரினும் இளையது. ஏறிப் பழகுவதற்குப் படிகள் எங்கே உள்ளன? ஆகவே அப்பிள்ளையைப் பண்பற்றது என்று கூறுவது அநீதி. அது வளர்ந்த வீட்டில் மக்கள் தொகை குறைவு, அவ்வளவே.

இல்லாதவற்றுள் அடுத்தது எழுத்து. செஜோங் மன்னர் 1443 இல் உருவாக்கி 1446 இற் குடிகளுக்கு அறிவித்த கொரிய எழுத்து, இன்று 24 அடிப்படை எழுத்துகளைக் கொண்டது. மெய்யெழுத்துகள் வாயும் நாவும் தொண்டையும் கொள்ளும் வடிவைப் பின்பற்றி அமைந்தமையால் ஒரு சில நாட்களிலேயே அதனைக் கற்றுவிடலாம். ஆனால் எழுத்தைக் கற்பது வேறு. சொல்லைப் பிழையின்றி எழுதுவது வேறு. அரிவாள், பகல், முகம் என்னும் பொருளுடைய மூன்று சொற்கள் தனித்து ஒலிக்கும்போது 'நத்' என்றே ஒலிக்கும். எழுதும்போது மூன்றுக்கும் ஈற்றெழுத்து வெவ்வேறு. செவியை மட்டும் நம்பி வளர்ந்தவர் இங்கே தடுமாறுவர். ஆயினும் அதே செவி அவருக்குக் கைகொடுக்கும் இடமும் உண்டு. 'பகலில்' என்று உருபு சேர்த்துச் சொல்லும்போது அச்சொல் 'நஜெ' என்றாகி, மறைந்திருந்த ஈற்றெழுத்து வெளிப்படும். அச்சொல்லை அவர் வீட்டிலே நூறு முறை கேட்டிருக்கிறார். ஆசிரியர் அதைச் சுட்டிக்காட்டினாற் போதும். விதியை மனனம் செய்யும் பிறநாட்டாருக்கு இல்லாத வழி இது.

மூன்றாவது குறை சொற்பரப்பு. கொரிய அகராதிச் சொற்களிற் பாதிக்கு மேற்பட்டவை சீன மூலத்தைக் கொண்டவை. அரசு, சட்டம், பொருளாதாரம், மருத்துவம், கல்வி ஆகிய துறைகளில் அவையே நிறைந்துள்ளன. எண்ணிலும் இரு வரிசைகள் உள்ளன. மூன்றரை மணி என்று கூறுமிடத்து, மணியின் மூன்று நாட்டுச் சொல்லாகவும் நிமிடத்தின் முப்பது சீனவழிச் சொல்லாகவும் அமையும். உண்ணல், உறங்கல், நோதல், சினத்தல், அன்பு செய்தல் என்பவற்றுக்கு வீட்டு மொழியிற் சொல் நிறைய உண்டு. வாடகை ஒப்பந்தத்துக்கோ தேர்தலுக்கோ இல்லை. அதனால் முப்பது வயது அறிஞர் ஒருவர் கொரிய மொழியில் வாய் திறந்தால் ஏழு வயதுப் பிள்ளையாகிவிடுகிறார்.

இங்கேதான் வெட்கம் பிறக்கிறது. வெள்ளையர் ஒருவர் சியோல் நகரிலே தட்டுத் தடுமாறி ஒரு வணக்கம் சொன்னால் அனைவரும் வியந்து பாராட்டுவர். கொரிய முகமுடையவர் பத்து வாக்கியம் சரியாகப் பேசிப் பதினோராவதிற் பிழைத்தால், தாய்மொழி தெரியாதா என்று கேட்பர். வகுப்பிலும் அதே நிலைதான். அருகிலிருக்கும் புதிய மாணவர் இவருடைய உச்சரிப்பைக் கண்டு பொறாமைப்படுகிறார். இவரோ அவருடைய பிழையற்ற எழுத்தைக் கண்டு நாணுகிறார். இருவரையும் ஒரே வினாத்தாளால் அளந்தால் இருவருக்கும் நியாயம் கிடையாது.

அமெரிக்க அரசு தன் இராசதந்திரிகளுக்கு மொழி பயிற்றும் நிறுவனம், கொரிய மொழியை மிகக் கடினமான மொழிகளின் வரிசையில் வைத்து 2,200 வகுப்பு மணித்தியாலங்களை வகுத்துள்ளது. அது ஒன்றும் அறியாது தொடங்கும் ஆங்கிலேய மொழியினருக்கு வகுத்த கணக்கு. 1997 இல் தொடங்கிய கொரிய மொழித் தேர்ச்சிப் பரீட்சை ஆறு படிகளையுடையது. கேட்டல், வாசித்தல், மேற்படிகளில் எழுதுதல் ஆகியவற்றை அது சோதிக்கிறது. பேச்சுக்கெனத் தனிப் பரீட்சை 2022 இலேயே வந்தது. நோயுற்ற பாட்டியை ஆறுதல் கூறித் தேற்றவல்ல பெண் அப்பரீட்சையின் எழுத்துத் தாளிலே கீழ்ப்படியில் நிற்கக்கூடும். பரீட்சை தீதென்று நான் கூறவில்லை. நாற்பதாண்டுப் பரீட்சை வாழ்வுடைய நம் போன்றோர் அவ்வாறு கூறவும் இயலாது. அது அளப்பதை அளக்கிறது. அளவாதது இல்லை என்று கொள்வதே தவறு.

அங்ஙனமாயின் மரபுமொழியினர் தம் முன்னேற்றத்தை எதனால் அறிவது? மூன்று கேள்விகளால் அறியலாம் என்று கருதுகிறேன்.

முதலாவது, சென்ற ஆண்டிலும் பார்க்க இவ்வாண்டு எத்தகைய மனிதர்களோடு பேசமுடிகிறது? தாயோடு மட்டும் பேசியவர் அயல்வீட்டு முதியவரோடும் அறியாத கடைக்காரரோடும் வைத்தியரோடும் அவரவர்க்குரிய படியிற் பேசத் தொடங்கினால், அது பெருமுன்னேற்றம். இரண்டாவது, எவ்வெவற்றைப் பற்றிப் பேசமுடிகிறது? சோற்றையும் உறக்கத்தையும் தாண்டித் தம் தொழிலைப் பற்றியும் நாட்டு நடப்பைப் பற்றியும் தந்தையோடு உரையாடினாரா? மூன்றாவது, எதை வாசிக்கமுடிகிறது? கடைப் பலகையிலிருந்து பாட்டனாரின் பழைய கடிதம் வரை ஒரு நீண்ட பாதை உண்டு. அதில் எங்கே நிற்கிறார்?

இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் வேண்டும. முறையாகக் கற்கத் தொடங்கிய முதலாண்டில் மரபுமொழியினரின் பேச்சு முன்னையிலும் தயங்கும். முன்பு சிந்தியாமற் பேசியவர் இப்போது ஈறு எது, படி எது என்று ஒரு கணம் நின்று எண்ணுகிறார். பின்னடைந்துவிட்டோம் என்று அவர் அஞ்சுவார். உண்மையில் தம் பிழை தம் செவிக்கே கேட்கத் தொடங்கியுள்ளது என்பதே அதன் பொருள். இந்தக் கட்டத்தில் ஆசிரியர் கூறும் ஒரு சொல் மாணவரை வகுப்பில் நிறுத்தவும் செய்யும், வெளியே அனுப்பவும் செய்யும்.

ஆசிரியருக்கு இன்னொரு கடமையும் உண்டு. மத்திய ஆசியக் கொரியரின் பேச்சு, கொரியாவின் வடகீழ்ப் பகுதியான ஹம்கியொங் மாகாணத்து வழக்கிலிருந்து வந்தது. அது சியோல் நகரத்துப் பொதுவழக்கன்று. அங்கிருந்து வரும் மாணவர் பாட்டியிடம் கற்ற சொல்லை எழுதினால், சிவப்பு மையால் அடித்துவிடுவது எளிது. அடிபடுவது ஒரு சொல் மட்டுமன்று. அச்சொல்லைப் புகைவண்டியில் ஏற்றிக்கொண்டு பாலைநிலம் சென்ற ஒரு தலைமுறையும் அங்கே அடிபடுகிறது. இது பிழையன்று, வேறு வழக்கு; பரீட்சையில் இதை எழுதுக, பாட்டியிடம் அதையே பேசுக என்று கூறுவதே முறை.

பொதுவழக்குத் தானும் எங்கிருந்து வந்தது? யப்பானியர் ஆட்சியிற் பாடசாலைகளிலிருந்து கொரிய மொழி படிப்படியாக விலக்கப்பட்டபோது, கொரிய மொழிக் கழகத்தார் ஒரு பேரகராதியைத் தொகுத்துக்கொண்டிருந்தனர். விடுமுறைக்கு ஊர் சென்ற மாணவர்கள் தத்தம் ஊர்ச் சொற்களைத் திரட்டி வந்து கொடுத்தனர். 1942 இற் கழகத்தார் கைதாயினர். இருவர் சிறையிலேயே உயிர் நீத்தனர். கைப்பற்றப்பட்ட கைப்பிரதி 1945 செப்டெம்பரிற் சியோல் புகைவண்டி நிலையத்துப் பண்டகசாலையிற் கண்டெடுக்கப்பட்டது. 1947 இல் முதற்பகுதியும் 1957 இல் ஆறாம் பகுதியும் வெளிவந்தன. இன்று மாணவர் மதிப்புடன் நோக்கும் அகராதி மரபு வீட்டுச் சொற்களாலும் கட்டப்பட்டதே. வீடு இல்லையேல் அகராதி இல்லை. அகராதி இல்லையேல் வீட்டு மொழி வீட்டை விட்டு வெளியே செல்லும் வலிமை பெறாது. மரபுமொழியினர் கற்பது இவ்விரண்டையும் இணைக்கும் வித்தையையே.

நேயர்களுள் பலருக்கு ரொறன்ரோவிலோ இலண்டனிலோ பேரப்பிள்ளைகள் உளர். தொலைபேசியில் 'அம்மம்மா, நீ சாப்பிட்டியா' என்று கேட்கும் அக்குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன், அது யாரிடமிருந்து அவ்வாக்கியத்தைக் கற்றது என்று சற்றே சிந்திப்பது நன்று. 'நீங்கள்' என்பதைச் சிரிப்பின்றிச் சொல்லிக் கொடுத்தால் அது கற்றுக்கொள்ளும். சிரித்தால் அடுத்த முறை ஆங்கிலத்திற் பேசும்.

கொரியப் பேரப்பிள்ளைகளின் நிலையும் அதுவே. அவர்கள் அம்மொழியைக் கற்க வருவதற்குப் பெரும்பாலும் ஒரு முதியவரே காரணம். எப்படி இந்த நாட்டுக்கு வந்தீர்கள், எதை விட்டு வந்தீர்கள் என்று அவரிடம் அவர் மொழியிலே கேட்டு, வரும் விடையை முழுவதும் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். அந்தப் பரீட்சைக்கு நேரசூசி கிடையாது. மறுமுறை தோற்றும் வாய்ப்பும் இல்லை. ஆகவே ஈறு பிழைத்தாலும் குற்றமில்லை. இன்று தெரிந்த மொழியிலே இன்றே கேட்கட்டும். திருத்தம் நாளைய வகுப்பில் நடைபெறும்.